நான்கு வினாடி

புருல்சாவைப் பற்றி விசாரிக்க வருகிறவர்கள்
முதலில் கேட்பது பிறந்த தேதி.
எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது.
ஆடுகள் குட்டி போட்ட பிறகு, பனி உருகுமுன் என்பாள்.
படிவம் விடவில்லை;
மார்ச் எட்டு என்று தானே எழுதிக்கொண்டாள்.

நான் அவளுடைய டைனமோக்காரன்.
நான் சுற்றினால் விளக்கு எரியும்.
என் தோள் தளர்ந்தால்
திரையில் நடப்பவர்களுக்கு அந்தி வந்துவிடும்.
இரண்டு குதிரை, கடிக்கிற கோவேறு கழுதை ஒன்று,
தகர டப்பாக்களில் ஆறு சுருள்.
டோலோன் கணவாய்க்கு அப்பால்
மந்தை போன இடமெல்லாம் நாங்களும் போனோம்.

திரை அவளுடையது.
மணப்பெண்ணை மறைத்து உட்காரவைக்கும் திரை.
அதன் பின்னால் பதினோரு நாள் இருந்தாள்.
பன்னிரண்டாம் நாள் அதையே சுருட்டிக்
கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
நரின் பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள்.
இதற்குமேல் அவள் சொன்னதில்லை, நான் கேட்டதில்லை.
வெள்ளையான பின்பக்கத்தில் படம் விழும்.
முன்பக்கத்துத் தையல் புடைத்துக்கொண்டு நிற்கும்.
லெனின்கிராட் ஆலைத் தொழிலாளியின் கன்னத்தில்
ஆட்டுக்கொம்புப் பூவேலை!
அவனும் நம்மவன்தான் என்றார்கள் எங்கள் ஆட்கள்.

நுழைவுக் கட்டணம் ஓர் எழுத்து.
வாசலில் பலகையும் அடுப்புக்கரியும் இருக்கும்.
போன தடவை எழுதியதை
மறுபடி எழுதினால் செல்லாது.
குமிஸ் வாசம் வீசும் விரல்கள்
குதிரை லாடம்போல் ஒரு வளைவைப் போட்டுவிட்டு
உள்ளே குனிந்து நுழையும்.
வேலைக்காரன் என்பதால் எனக்குக் கட்டணம் இல்லை;
ஆகவே அந்த மலைகளில்
கடைசித் தற்குறி நான்தான்.

நாற்பதாம் வருஷம் எழுத்தையே மாற்றினார்கள்.
மசூதியில் ஒன்று கற்று, அதை மறந்து
அவளிடம் இன்னொன்று கற்ற மேய்ப்பர் தோக்தோர்பாய்
கரித்துண்டைப் பிடித்தபடி சொன்னார்:
"மூன்றாம் முறையாக முட்டாளாகிறேன், மகளே.
நாலாவதையும் இப்போதே காட்டிவிடேன்,
ஒரே நடையாகப் போகும்."
அவள் சிரிக்கவில்லை.
கூட்டத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தாள்.
அப்புறம் அவருக்கு முன்வரிசையில் கம்பளம் விரித்தாள்.

பிறகு போர்.
செத்துப்போன ஒருவனின் பையிலிருந்த கடிதத்தை
அவன் வீட்டுக்கு அனுப்ப
விலாசம் படிக்க வேண்டியிருந்தது.
அப்படித்தான் நான் எழுத்துக் கற்றேன்.
அவள் அல்மா-அட்டாவில்
படச்சுருளை வெட்டி ஒட்டப் படித்துக்கொண்டிருந்தாள்.
குளிரில் பசை உறையும், வாயால் ஊதுவோம் என்று
ஒரே ஒரு தபாலட்டை போட்டாள்.

அவள் எடுத்தது ஒரே படம், பதினோரு நிமிஷம்:
அத்-பாஷியில் பெண்பிள்ளைகளின் விடுதி, ஒரு காலைநேரம்.
ஒருத்தி புத்தகத்தைப் பிரித்துக்
கடைவாய் தெரியக் கொட்டாவி விடுகிறாள்.
'சோவியத் மாணவி கொட்டாவி விடமாட்டாள்'
என்றது குழு.
"ஏழு கிலோமீட்டர் நடந்து வந்தவள் விடுவாள்"
என்றாள் புருல்சா.
மூன்று கூட்டம், இரண்டு கண்டனக் கடிதம்.
கடைசியில் வேறு யாரோ கத்தரித்தார்கள்.
தொண்ணூற்றாறு சட்டங்கள், நான்கு வினாடி.
அவளுக்கு அடுத்த படம் வரவேயில்லை.
அதே விடுதிக்குத் தலைமை ஆசிரியையாகப் போய்
இருபத்திரண்டு வருஷம் இருந்தாள்.
கோபக்காரி. சுண்ணக்கட்டியை எறிவாளாம்.
தூங்கி வழிகிறவளை மட்டும் தொடமாட்டாளாம்.

போன மாதம் ஃப்ரூன்ஸேயில் அந்தப் படத்தைப் போட்டார்கள்.
நல்ல நாற்காலி. சுவரிலிருந்து மின்சாரம்.
என் தோளுக்கு வேலையில்லை; அதுபாட்டுக்கு வலித்தது.
விடுதி வந்தது, புத்தகம் வந்தது,
பிரித்தாள்,
ஒரு துள்ளல். அடுத்த பக்கத்தில் இருக்கிறாள்.
யாரும் கவனிக்கவில்லை.
அந்தத் துள்ளலில், என்னை அறியாமல்,
என் வாய் திறந்தது,
கடைவாய் தெரிய,
கண்ணில் நீர் முட்ட.
பக்கத்து இருக்கைப் பெண் திரும்பி
'தாத்தாவுக்குத் தூக்கம்' என்றாள்.